விரலளவு வீரர்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் இலக்கியம் பேசினோர் பலர். இசை பேசினோர் பலர். மெட்ரிக்குலேஷன் வரையில் மட்டுமே படித்து, கரக்பூரில் பார்சல் ஆபீசில் இருபது ஆண்டுகளாக முதலில் பேரேட்டிலும் பிறகு கணிப்பொறியிலும் மூட்டைக் கணக்கு எழுதி வரும் எனக்கு அத்தகைய பொருள்களைத் தொடும் தகுதி இல்லை. "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். எனக்குத் தெரிந்த கலை ஒன்றே ஒன்று. விரலளவு உயரமுள்ள பொம்மைப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதும், அவர்களை வெட்டி ஒட்டி வேறு உருவமாக மாற்றுவதுமே அது. சிரிக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். சிரித்ததோடு நில்லாமல் சினந்தவனுங்கூட. அக்கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். பெங்களூரில் பணிபுரியும் அவனுடைய மாமா அலுவல் நிமித்தம் லண்டன் சென்று திரும்புகையில், மருமகனுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் கை வேறு, கால் வேறு, தலை வேறாகப் பத்து வீரர்கள். பெட்டியின் விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு அதில் அடங்கிவிடும்.

பையன் இரவுதோறும் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து அவ்வீரர்களோடு மல்லாடிக்கொண்டிருந்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தது. அட்டையைக் கண்ட அன்று என் அறிவு என் வசத்தில் இல்லை. நான் பத்தாவதோடு நின்றவன். என் மகனாவது மேலே வர வேண்டுமே என்ற ஏக்கம் கோபமாக வெளிப்பட்டது. மேசையின்மீது இருந்தவற்றைக் கையால் ஒரே வீச்சில் தள்ளிவிட்டேன். பதினொரு இரவுகள் உழைத்து அவன் முடித்திருந்த வீரன் சிமெண்டுத் தரையில் விழுந்து, வலக்கை தோளோடு முறிந்து, எங்கோ உருண்டு போயிற்று. பையன் அழவில்லை; எதிர்த்தும் பேசவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பின் நான்கு நாட்கள் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னான்.

மகனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் தகப்பன்மார்களுக்கு இல்லை. ஆயினும் உள்ளம் உறுத்திற்று. நான் உடைத்த பொருள்தான் என்ன என்றாவது அறிந்துகொள்வோம் என்று விசாரிக்கலானேன். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே கூறுகிறேன்.

போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் வழக்கம் ஜெர்மானிய நாட்டில் பிறந்தது. பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர், மலை, ஆறு, காடு ஆகியவற்றைச் சிறு பலகைகளாகச் செய்து அடுக்கி ஆடும் ஒரு போர் விளையாட்டை 1812-ஆம் ஆண்டில் தம் மன்னருக்கு அளித்தார். படை அதிகாரியாக விளங்கிய அவருடைய மகன் அதைத் திருத்தி, நிலப்படத்தின்மீது ஆடும்படி செய்து, 1824-இல் விதிகளை நூலாக வெளியிட்டார். தந்தை தொடங்கியதை மகன் நிறைவு செய்தான் என்ற செய்தியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

அடுத்தவர் இங்கிலாந்தின் எச். ஜி. வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்தார் பூமியின்மேல் படையெடுப்பதாக அவர் எழுதிய "உலகங்களின் போர்" 1898-இல் நூலாக வந்தது. அதே வெல்ஸ்தான் 1913-இல் "சிறு போர்கள்" என்ற நூலையும் எழுதினார். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, விசைவில் பொருத்திய சிறு பீரங்கியால் மரத்துண்டுகளை எய்து வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதி வகுத்த நூல் அது. அறிவியல் கற்பனைக் கதையும் பொம்மைப் போரும் ஒரே மனிதருடைய மேசையில் பிறந்தன என்பது வியப்பல்லவா? போர் வெறியை வளர்க்கும் பொம்மை எதற்கு என்று நம் காலனிப் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. அதற்கு வெல்ஸ் அப்போதே விடை கூறியிருக்கிறார்: மெய்ப்போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேலானது, இதில் ஒருவனும் சாவதில்லை. உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது.

1975-இல் லண்டனில் நண்பர்கள் மூவர் சேர்ந்து, மரப்பலகை விளையாட்டுகள் செய்து விற்கும் சிறு தொழிலாக "கேம்ஸ் வொர்க்ஷாப்" என்பதைத் தொடங்கினர். 1987-இல் அவர்கள் வெளியிட்டதே "வார்ஹாமர் 40,000". ரிக் பிரீஸ்ட்லி என்பவர் ஆக்கியது. இன்றைக்குச் சுமார் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்குப் பின், விண்மீன்களுக்கிடையே ஓயாத போர் நடப்பதாகக் கற்பனை. கவசம் பூண்ட விண்வெளி வீரர்கள் ஒரு பக்கம். பச்சைத் தோலும் கோரைப் பல்லும் கொண்ட ஆர்க் கூட்டத்தார் இன்னொரு பக்கம். இன்னும் பல இனத்தார். வீரன் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அங்குலக் கோலால் அளப்பார்கள். அவன் சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். நாட்டிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கம்பெனி, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் 100 பெரிய கம்பெனிகள் வரிசையில் இடம் பெற்றது. பொம்மைதானே என்று தள்ளிவிட்டவன் நான்!

ஆனால் நான் பேச வந்தது விளையாட்டைப் பற்றியன்று. அதற்கு முன் நடக்கும் கைவேலையைப் பற்றி. கடையில் வாங்கும்போது பொம்மைக்கு நிறமும் இல்லை. முழு உருவமும் இல்லை. துண்டுகளைக் கத்தியால் பிரித்து, பிசிறு நீக்கி, பிளாஸ்டிக்கைச் சற்றே உருக்கி இணைக்கும் பசையால் ஒட்ட வேண்டும். பின் கருப்போ சாம்பலோ வெள்ளையோ அடிப்பூச்சுப் பூச வேண்டும். இன்றேல் மேல் வண்ணம் பிடிக்காது. தெளிப்பானால் பூசுவோர் வீட்டுக்கு வெளியே நின்று பூசுவது நலம். நம் வங்காளத்து மழைக்காலத்தில் அதைத் தொடவே கூடாது. காற்றின் ஈரத்தால் பூச்சு வெண்மையாகப் பொரிந்துவிடும்.

அடுத்து நீரில் கரையும் வண்ணம். குழம்பாகப் பூசினால் முகத்தின் மூக்கும் வாயும் மறைந்துபோம். நீர் கலந்து மெலிதாக இரு முறை பூசுவதே நெறி. பின் நீர்த்த கருஞ்சாயம் ஒன்றைப் பரவவிட்டால், அது பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும். அதன்பின் வண்ணத்தை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் மேலே மெல்லத் தடவினால், மேடுகளில் மட்டும் ஒட்டி ஒளி காட்டும். மேட்டுக்கு ஒளி, பள்ளத்துக்கு நிழல்: இக்கலையின் இரகசியம் இவ்வளவே.

கண் வரைவதுதான் கடினம். பூஜைக் காலத்தில் நாம் பார்க்கிறோமே, இங்குள்ள சிற்பிகள் துர்க்கையின் கண்ணை மரபுப்படி மஹாளயத்தன்று, கடைசியாகத் திறக்கிறார்கள். இச்சிற்றுருவம் வரைவோரிலோ பலர் கண்ணை முதலிலேயே வரைந்துவிடுகிறார்கள். உருவத்தின் உயரமே ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். கண் ஒரு கடுகளவும் தேறாது. புள்ளி பிசகினால் திருத்துவதற்குச் சுற்றிலும் வேறு வண்ணம் இல்லாதிருப்பதே வசதி.

இனி உருமாற்றத்துக்கு வருகிறேன். "கன்வர்ஷன்" என்பார்கள். ஒருவன் தலையை மற்றொருவன் உடலில் பொருத்துவது, நின்றவனை ஓட வைப்பது, வேண்டாத துண்டுகளால் புதிய இயந்திரம் படைப்பது ஆகியவை இதன் வகைகள். ஒட்டு உறுதியாக நிற்க, இரு பக்கமும் மெல்லிய துளையிட்டு உள்ளே கம்பி செருக வேண்டும். இடைவெளியை நிரப்ப, இரு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் மக்கு உண்டு. மேல்நாட்டார் நீலமும் மஞ்சளும் பிசைந்து பச்சையாக்குவர். நமக்கு எம்-சீல் போதும். இவ்விளையாட்டின் தொடக்கக் காலத்தில், காலியான டியோடரண்ட் டப்பாவைக் கொண்டு மிதக்கும் போர்வண்டி செய்யும் முறையை அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். 1977-இல் வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" திரைப்படத்தின் விண்கலங்களும் இவ்வாறே. டாங்கி, விமானப் பொம்மைப் பெட்டிகளின் துண்டுகளை ஒட்டியே அவற்றின் மேனியை உருவாக்கினர். ஆர்க் கூட்டத்தாரின் வண்டிகளுக்குத் தகரமும் குப்பையும் எவ்வளவு ஒட்டினாலும் தகும். சிவப்பு வண்ணம் பூசிய வண்டிதான் வேகமாக ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கையாம்! நம் ஊர் லாரி ஓட்டுநர்களும் மறுக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்ட ஐந்தாம் நாள் இரவு, மகனுடைய மேசையருகே சென்று நின்றேன். உடைந்த வீரன் நின்றுகொண்டிருந்தான். காணாமற்போன கை இருந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவின் சுருள்வில் ஒன்று, அதன் முனையில் மக்கினால் பிடித்து வைத்த ஐந்து விரல்கள், எஃகு நிறம், மூட்டுகளில் துருப்பிடித்த பழுப்பு.

"இது என்னடா?" என்றேன்.

"முதல் கை போரில் போய்விட்டது, அப்பா. இவனுக்கு இனிமேல் இரும்புக் கை. இதுதான் முன்னதைவிட நன்றாயிருக்கிறது" என்றான்.

அவன் என்னைத் தேற்றவே அப்படிச் சொன்னானோ, உண்மையாகவே சொன்னானோ, இன்று வரை நான் கேட்கவில்லை. அன்று என் வாயில் வந்த சொற்கள் வேறு: "நானும் ஒன்றுக்கு வண்ணம் பூசலாமா?" தகப்பன் கேட்ட மன்னிப்பு அதுதான். அவனுக்குப் புரிந்தது. நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தான். என் முதல் வீரனுக்கு முகமே இல்லாமற்போயிற்று. "தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூசுங்கள், அப்பா" என்று மகன் ஆசிரியனானான், நான் மாணவனானேன்.

அன்பர்களே, பார்சல் ஆபீசில் நான் பதிந்த மூட்டைகள் எத்தனை இலட்சமோ அறியேன். அவற்றுள் ஒன்றைக் காட்டி, "இது இன்னான் கைப்பட்டது" என்று யாராலும் சொல்ல இயலாது. சொல்ல வேண்டியதும் இல்லை. மூட்டை ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் மனிதனுக்குத் தன் கையின் அடையாளம் எங்காவது ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற ஆசை உண்டு. நாட்டிங்காமில் எஃகு அச்சிலிருந்து ஒரே மாதிரியாக விழும் ஆயிரமாயிரம் பொம்மைகளில், என் மேசைக்கு வந்த ஒன்று மட்டும் என் கையால் வேறாகிறது. பிழையோடு வேறாகிறது, எனினும் என்னுடையதாகிறது. உடைந்த பொருளை எறிந்துவிடாமல், அந்த உடைவையே கொண்டு புதியது செய்யலாம் என்பதையும் என் மகனிடமிருந்து கற்றேன். நம் வீட்டுப் பெண்கள் மூக்குடைந்த கொலுப் பொம்மைக்கு ஆண்டுதோறும் வண்ணம் தொட்டு மீண்டும் படியில் அமர்த்துகிறார்களே, அவர்களுக்கு இது முன்னமே தெரியும். நமக்குத்தான் தெரியாமற்போயிற்று.

இதனால் பையனுடைய மதிப்பெண் உயர்ந்து மாவட்டத்தில் முதல்வனாக வந்தான் என்று நான் கூறினால் அது பொய். கணக்கில் தேறினான், இப்போது வெளியூரில் பி.காம். படிக்கிறான், அவ்வளவே. ஆனால் வாரம் ஒரு முறையேனும் தான் வரைந்ததைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறான், நானும் அனுப்புகிறேன். "நிழல் போதவில்லை, அப்பா" என்று எழுதுகிறான். தகப்பனும் மகனும் பேசிக்கொள்ள ஒரு பொருள் இருப்பது சிறிய செல்வமன்று.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. சந்தையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் சிப்பாயும், பழைய பேனாவும், இரண்டு தூரிகையும் போதும். ஆனால் கத்தியும் ஃபெவிக்விக்கும் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. பழைய வார்ப்பு உருவங்களில் ஈயம் கலந்திருக்கும், அவற்றைக் கையாண்ட பின் கை கழுவாமல் உண்ணக் கூடாது. எல்லாவற்றினும் மேலாக, பிள்ளைகளின் மேசையின்மேல் இருப்பது இன்னதென்று கேட்டறியும் முன், கையை வீசாதீர்கள்.

அந்த இரும்புக் கை வீரனை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மேசையின் ஓரத்தில் நிற்கிறான். விழா முடிந்தபின் பார்க்கலாம். பிள்ளைகள் தொட்டும் பார்க்கலாம். முறிந்தால் கவலையில்லை, மக்கு என் பையில் இருக்கிறது.