முட்டிச் சில்லும் செயற்கை ஜவ்வும்

முட்டிச் சில்லு அடிக்கடி விலகும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் செய்யும் ஒரு பரிசோதனை உண்டு. முழங்காலைச் சற்றே மடக்கிவைத்து, கட்டைவிரலால் சில்லை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பார்ப்பார்கள். வலிக்கத் தொடங்கும் முன்பே பிள்ளை பதறிப்போய் மருத்துவரின் கையைப் பிடித்துவிடும். சில்லு பக்கவாட்டில் போய்த் துருத்திக்கொண்டு நின்றதை ஒருமுறை பட்டு அறிந்த உடம்பு அதை மறப்பதில்லை. ஓடும்போது சட்டென்று திரும்புகையிலோ, குதித்துக் கால் ஊன்றுகையிலோ நேரும் இந்த விபத்து, பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் இருபது வயதுக்குள் இருப்பவர்களுக்கே வருகிறது. இந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சார்ந்ததுதான்.

சில்லின் உள்விளிம்பிலிருந்து தொடை எலும்பின் உள்பக்கத்துக்கு ஒரு மெல்லிய ஜவ்வு போகிறது. நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. காலை நீட்டிய நிலையிலிருந்து முதல் 30 டிகிரி மடக்கும்வரை சில்லு வெளியே ஓடாமல் பிடித்துவைப்பது முக்கியமாக இதுதான். அதற்குமேல் மடக்கினால் தொடை எலும்பின் பள்ளத்தில் சில்லு உட்கார்ந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, சுமார் 200 நியூட்டன் விசையில், அதாவது இருபது கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவில், இந்த ஜவ்வு அறுந்தது. சில்லு விலகும்போது பெரும்பாலும் இதுதான் கிழிகிறது.

முதல்முறை விலகினால் பலருக்கு அறுவை தேவைப்படாது. தசைப் பயிற்சியே போதும். மீண்டும் மீண்டும் விலகினால் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக இன்னொன்றை அமைக்கிறார்கள். தொடையின் பின்புறத்திலிருந்து நோயாளியின் சொந்தத் தசைநாண் ஒன்றை எடுத்துப் பொருத்துவது வழக்கமான முறை. பாலியெஸ்டரிலோ உறுதிமிக்க பாலிஎதிலீனிலோ நெய்த செயற்கைப் பட்டையை வைப்பது இன்னொரு முறை. செயற்கை என்றால் சொந்த நாணை எடுக்க வேண்டாம், அதற்கென்று ஒரு காயமும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே பிடிப்பு உறுதியாக இருக்கும். பிரேசிலைச் சேர்ந்த எல்லேரா கோமஸ் 1992இலேயே பாலியெஸ்டர் ஜவ்வைக் கொண்டு இந்த அறுவையைச் செய்த அனுபவத்தை வெளியிட்டார்.

உறுதியாக இருக்கும் பொருள் பாதுகாப்பானதாகவும் இருக்குமா? இந்தக் கேள்விக்கு முழங்காலின் உள்ளேயே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கடி கிழியும் முன் சிலுவை ஜவ்வின் கதை அது.

1970களில் பிரிட்டனில் கார்பன் இழைகளை ஜவ்வாக வைத்துப் பார்த்தார்கள். அந்த இழைகள் நொறுங்கின. மறுபடி திறந்து பார்த்தபோது மூட்டின் உள்சவ்வில் கரிய துகள்கள் படிந்திருந்தன. சிலருக்கு அருகிலிருந்த நிணநீர் முடிச்சுவரை அவை போயிருந்தன. பிறகு கோர்-டெக்ஸ் என்ற செயற்கை ஜவ்வு வந்தது. இயற்கை ஜவ்வைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வலிமை. முந்தைய அறுவை பலிக்காதவர்களுக்காக அமெரிக்கா 1986இல் அதை அனுமதித்தது. 1993இல் அது சந்தையிலிருந்தே போய்விட்டது. கிணற்று விளிம்பில் உராயும் கயிறு எவ்வளவு தடித்ததானாலும் ஒருநாள் பிரி பிரியாக அவிழுமே, எலும்புத் துளையின் விளிம்பில் அதற்கும் அதே கதிதான். உதிர்ந்த நுண்துகள்கள் மூட்டு நீரில் கலந்தன, சவ்வு அழன்றது, முழங்காலில் நீர் கோத்தது. முதல் ஓரிரு ஆண்டுகளில் நன்றாக இருக்கிறது என்று எழுதப்பட்ட முழங்கால்களில் பல, பின்னர் கெட்டன.

சொந்த நாண் உயிருள்ளது. வைத்த பிறகு ரத்தக் குழாய்கள் அதற்குள் வளரும், நாளடைவில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இழையால் அது முடியாது. அதன் தேய்மானம் ஆண்டுக்கு ஆண்டு கூடத்தான் செய்யும்.

ஆனால் சில்லு ஜவ்வை இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்கக் கூடாது. சிலுவை ஜவ்வு மூட்டின் நட்டநடுவில் இருக்கிறது. சில்லு ஜவ்வோ மூட்டு நீர் இருக்கும் அறைக்கு வெளியே, திசு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. சுமக்கும் விசையும் குறைவு. அதனால் துகள் உதிர்ந்து மூட்டை அழற்றும் ஆபத்து இங்கே குறைவாக இருக்க வேண்டும். ஜப்பானில் எய்ச்சி நொமுராவும் அவருடைய சகாக்களும், லீட்ஸ், கெய்யோ பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய பாலியெஸ்டர் வலையைக் கொண்டு இந்த ஜவ்வை அமைத்து, அதன்மேல் நோயாளியின் சொந்தத் திசுவைப் போர்த்தி மூடினார்கள். சராசரியாக 12 ஆண்டுகள் கழித்து 2007இல் அவர்கள் தந்த முடிவு நல்ல முடிவு. பெரும்பாலான முழங்கால்களில் தேய்மான வாதம் பெரிதாக வளரவில்லை. ஆனால் அது இரண்டு டஜன் முழங்கால்களின் கதை. அதைக் கொண்டு எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது.

சில்லு ஜவ்வில் நான் அதிகம் அஞ்சுவது துகளை அல்ல, விறைப்பை. இயற்கை ஜவ்வு கொஞ்சம் நெகிழும். செயற்கைப் பட்டை அந்த அளவு நெகிழாது. தொடை எலும்பில் துளை போடும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலோ, கட்டும்போது சற்றுக் கூடுதலாக இழுத்துவிட்டாலோ, கால் மடங்கும்போதெல்லாம் சில்லின் குருத்தெலும்பு அழுந்திக்கொண்டே இருக்கும். சில்லு விலகுவது நின்றுவிடும். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து மாடிப்படி இறங்கும்போது வலி வரும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கவலை: அந்தத் துளை விழும் இடம், எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு வைக்கும் பட்டை அறுபது ஆண்டுகள் அவளோடு இருக்க வேண்டியது. இரண்டு ஆண்டு ஆய்வைக் காட்டி அதைப் பாதுகாப்பானது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சொந்த நாண் நன்றாகக் கிடைக்கும் இளம்வயதில் அதையே முதலில் கேளுங்கள் என்பது என் கருத்து. திசு பொதுவாகவே தளர்வாக உள்ளவர்கள், முன்பே நாண் எடுத்தவர்கள் விஷயத்தில் செயற்கைக்கு நியாயம் உண்டு. அப்போதும் எந்த இழை, அதை எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், தேவைப்பட்டால் எடுக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அறுவை அரங்கில் பட்டையின் உறையைப் பிரித்ததும், செவிலியர் அதிலிருக்கும் சிறிய ஸ்டிக்கரை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். தயாரிப்பாளர் பெயர், பொருளின் பெயர், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். ஊர் மாறும், மருத்துவமனை மாறும், மருத்துவரும் ஓய்வுபெற்றுவிடுவார். பல ஆண்டு கழித்து முட்டி வீங்கினால், உள்ளே இருப்பது என்ன என்று புதிய மருத்துவருக்குச் சொல்ல அந்த நகல்தான் இருக்கும். உடலில் பொருத்திய கருவிகளால் வரும் கோளாறுகளைத் திரட்ட இந்தியாவில் 2015 முதல் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. உங்கள் முட்டியில் வந்த கோளாற்றை அங்கே தெரிவிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். தொகுதி எண்ணும் சேர்ந்து போனால்தான், அதே தொகுதிப் பட்டை வைத்த மற்றவர்களையும் தேடிப் பார்க்க முடியும்.