பெருநிறுவனங்களும் விரைவுக் கொள்வனவும்

சிறு கடைக்காரர் ஒருவர் தராசொன்று வேண்டுமெனின் மாலைக்குள் வாங்கிவிடுவார். பெருநிறுவனமொன்று கணினி அமைப்பை வாங்க முற்படின் கதை வேறு. தேவைகள் யாவும் முதலில் எழுதப்படல் வேண்டும். கேள்விப்பத்திரம் கோரப்படல் வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தாதல் வேண்டும். பொருள் கைக்கு வருமுன் ஆண்டுகள் கழியும். அதற்குள் தேவையே மாறிவிடும். இத்தாமதத்தைக் குறைக்கும் வழி யாது? அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் பெற்ற அனுபவம் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

காகிதக் கோவைகளை விடுத்துக் கணினிக்கு மாற அப்பணியகம் 2001ஆம் ஆண்டில் முனைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர், சிதறிக்கிடக்கும் துப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது மக்களின் உயிர்காக்கும் பணியாயிற்று. தேவைகளைக் கூறும் பத்திரம் 800 பக்கங்களுக்கு மேல் விரிந்தது; தேவைகளோ மாறிக்கொண்டேயிருந்தன. ஏறத்தாழ 17 கோடி டொலர் செலவான பின், 2005இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2006இல் 'சென்டினல்' என்னும் புதுத் திட்டம் தொடங்கிற்று. நான்கு கட்டங்களாக 2009 இறுதியில் அது நிறைவெய்தும் என்பது ஏற்பாடு. ஆயினும், 2010 ஓகஸ்டில், ஒதுக்கிய 45 கோடி டொலரில் 40 கோடிக்கு மேல் கரைந்திருந்தது. கைக்கு வந்தவை இரண்டு கட்டங்களே.

அந்நிலையில் பணியகம் பொறுப்பைத் தானே ஏற்று, 'அஜைல்' எனப்படும் முறையைக் கைக்கொண்டது. 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநரின் பிரகடனத்தால் பெயர்பெற்ற முறை இது. மிகுதி வேலை, பயன்படுத்துவோர் நோக்கில் 670 சிறு தேவைகளாகப் பகுக்கப்பட்டு, முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டது. இரண்டு வாரம் ஒரு தவணை. தவணை முடிவில், செய்தவரை இயக்கிக் காட்டல் வேண்டும். ஒப்பந்த ஊழியர் தொகை சுமார் 220இலிருந்து 40 ஆகக் குறைந்தது.

இம்முறையிலும் இடையூறு இல்லாமற் போகவில்லை. 2011 செப்டெம்பரில் முடியவேண்டிய பணி பிந்திற்று. அவ்வாண்டு நடத்திய ஒத்திகையில், பழைய கணினிப் பொறிகள் சுமையைத் தாங்கா எனத் தெரிந்தது. குறை முன்னரே புலப்பட்டமையால் புதிய பொறிகள் வாங்கப்பட்டன. 2012 யூலை 1ஆம் நாள் 'சென்டினல்' பணியகம் முழுவதிலும் பயனுக்கு வந்தது.

அப்படியாயின், விரைவு எங்கிருந்து பிறந்தது? தவறு தெரியவரும் காலம் ஆண்டுகளிலிருந்து வாரங்களாகச் சுருங்கியதே காரணம் எனலாம். ஆனால் இதற்கு ஒரு விலையுண்டு. வாங்குவோர் ஒப்பமிட்டுவிட்டு ஒதுங்கியிருத்தல் இயலாது. எது முதலில் வேண்டும், எது வேண்டாம் என அன்றன்றே தீர்மானிக்கும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் வேலைத்தலத்திலேயே இருத்தல் வேண்டும். கணக்காய்வும் தவணைதோறும் உடன்செல்லல் வேண்டும்.

பொதுப்பணத்தைக் காப்பதற்கென எழுந்தவையே கொள்வனவு விதிகள். சிறு கூறாக வாங்கி, பரீட்சித்து, பின் அடுத்த கூறுக்குப் பணம் விடுவிக்கும் நிறுவனம் அவ்விதிகளின் நோக்கத்தையே நிறைவேற்றுகின்றது.