தோற்ற தேர்தலும் விழுந்த விதையும்



சிசிலித் தீவைச் சேர்ந்த அருள்தந்தை லூயிஜி ஸ்டுர்சோ, 1919 ஜனவரியில் இத்தாலிய மக்கள் கட்சியைத் தொடங்கினார். அதற்குக் 'கத்தோலிக்க' என்று பெயரிட அவர் உடன்படவில்லை. கத்தோலிக்கம் எல்லாருக்கும் பொது. கட்சி என்றாலே பிரிவு என்றார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் 100 இடங்கள் கிடைத்தன. பின்பு முசோலினி ஆட்சிக்கு வந்தார். கூட இருந்தவர்கள் சிலரே அவர் பக்கம் சாய்ந்தார்கள், தந்தை சாயவில்லை. வன்முறைக்கு நடுவே நடந்த 1924 தேர்தலில் கிடைத்தவை 39 இடங்களே. அவ்வாண்டே அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1926இல் கட்சியும் கலைக்கப்பட்டது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தோல்விதான். ஆனால் அக்கட்சியின் கடைசிச் செயலர் அல்சிதே தெ காஸ்பெரி, 1945இல் இத்தாலியின் பிரதமரானார். மறு ஆண்டு, 22 ஆண்டுகளுக்குப் பின் தந்தை தாயகம் திரும்பினார். மண்ணில் விழுந்த கோதுமை மணி மடிந்தே பலன் தந்தது.

அன்பார்ந்தவர்களே, வெல்லும் பக்கம் எது என்று பார்த்து நிற்கிறோமா, உண்மையின் பக்கம் நிற்கிறோமா? வாக்களிக்கும்போதும், வீட்டில் ஒரு முடிவெடுக்கும்போதும் இக்கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்வோம். தோற்றாலும் தளராத மனத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.