ஒகேனக்கல்லில் எத்தனை எழுத்து?

(பென்னாகரம் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களிடையே மென்பொருளாளர் ஒருவர் ஆற்றிய உரை)



"கணினித் துறையில் இன்று படிப்பது சில ஆண்டுகளில் பழசாகிவிடுகிறதே, பள்ளியில் எதைத்தான் கற்பிப்பது?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் நூலில் முன்பு ஸ்டார் ஆபிஸும் சி பிளஸ் பிளஸும் இருந்தன. 2019இல் வந்த நூலில் பைத்தான் இருக்கிறது. நானும் சி பிளஸ் பிளஸில் தொடங்கினேன். வேலைக்குப் போனதும் ஜாவா, இப்போது பைத்தான். ஒவ்வொரு முறையும் கட்டளைகளைப் புதிதாகப் படித்தேன். ஆனால் ஒரு சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பதை மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பிறகு விண்டோஸ் வந்தது, யூனிகோடு வந்தது. 2005இல் கைப்பேசிக்கான செல்லினத்தை வெளியிட்டார். கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. தமிழ் எழுத்தின் அமைப்பைப் பற்றிய அறிவு ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டது.

நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். 'ஒகேனக்கல்' என்பதில் எத்தனை எழுத்து? ஒ, கே, ன, க், க, ல் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு எண்ணும். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஒன்பது என்கிறது. யூனிகோடு முறையில் ஏகாரக் குறி ஒன்று, மெய்யெழுத்துகளின் புள்ளி இரண்டு, ஆக மூன்றும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. கணினிக்கு நாம் ஒரு விதி சொல்ல வேண்டும்: 'உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணாதே.' ஒன்பதில் மூன்று போனால் ஆறு. இந்த விதியை எழுதத் தேவைப்பட்டது, தொடக்கப் பள்ளியில் நீங்கள் நடத்தும் உயிர்மெய்ப் பாடம்.

இதை வகுப்பிலேயே செய்யலாம். பிள்ளைகள் ஊர்ப் பெயர்களைக் குறிகளாகப் பிரித்து அட்டைகளில் எழுதட்டும். ஒருவர் கணினியாக நிற்கட்டும். சொன்னதை மட்டுமே செய்யட்டும். மற்றவர்கள் விதி சொல்லட்டும். விடை தவறினால் எந்தப் படியில் தவறியது என்று அவர்களே தேடட்டும். எங்கள் அலுவலகத்தில் நாள் முழுவதும் நாங்கள் செய்வதும் இதுதான்.

கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் உள்ள பள்ளியில் அது பூட்டிக் கிடக்கக் கூடாது. ஆனால் பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் கணினி இல்லை என்பதற்காக, 'இந்தத் துறை இவனுக்கு எட்டாது' என்று நாமே முடிவு கட்டிவிட வேண்டாம். தன் விடை ஏன் தவறியது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை, நாளை எந்தக் கணினி மொழி வந்தாலும் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை உங்கள் வகுப்பறையில் ஊட்டுங்கள்.