தோள்சீலையும் தூரிகையும்

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும், நூற்பாலைத் தொழிலாளர்களும், விவசாயக் கூலிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையிலே நாம் கூலியைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு விஷயம் வேறு. உடுப்பைப் பற்றியும், ஓவியத்தைப் பற்றியும், ஓவியம் தீட்டிய பெண்களைப் பற்றியும் பேசும்படி தோட்டத்து இளம்பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். "படம் வரைவதெல்லாம் பங்களாக்காரர்கள் சமாச்சாரம், கை காய்த்துப் போன நமக்கு அது எதற்கு?" என்று உங்களிலே சிலர் நினைக்கலாம். ஆனால், எந்தத் துணியை யார் உடுக்கலாம், எப்படி உடுக்கலாம் என்பதற்காக நம் மக்கள் அடிபட்டிருக்கிறார்கள். வீடு வாசல் இழந்திருக்கிறார்கள். அது நடந்த இடமும் தூர தேசம் அல்ல. போடி மெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அதே ராஜ்யம்தான்.

ராஜா அளந்து கொடுத்த துணி

மெட்டின் உச்சியிலே நின்று மேற்கே பாருங்கள். ஏலம் விளைகிற அந்த மலைகளெல்லாம் அன்றைக்குத் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியிலே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலே, 19-ம் நூற்றாண்டில் ஒரு விதி இருந்தது. நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே என்று ஒதுக்கப்பட்ட பெண்களும் மார்பை மறைத்து மேல்துணி போடக் கூடாது. வெயிலிலே வேலை செய்தாலும் சரி, சந்தைக்குப் போனாலும் சரி, திறந்த மேனியோடுதான் போக வேண்டும். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்!

பெண்கள் பணியவில்லை. 1820-களிலேயே கலகம் மூண்டது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்டது. வீடுகளும், ஜெபக் கூடங்களும், பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1858-லும் 1859-லும் மறுபடி பெருங்கலகம். இதையே நாம் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம்.

கடைசியில் 1859-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி மகாராஜா உத்தரவு போட்டார். அந்த உத்தரவைக் கவனமாகப் பாருங்கள், தோழர்களே! நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுக்கிற மாதிரி மட்டும் உடுக்கக் கூடாது.

இதன் அர்த்தம் என்ன? மானத்தை மறைக்கத் துணி உண்டு. சமமாகத் தோன்றத் துணி இல்லை. துணியின் நயமும், அதை மடித்துப் போடுகிற விதமும் ஒரு வேலியாக நின்றன. இன்றைக்கு நாகரிகம், பாஷன் என்கிறார்களே, அதன் உள்ளே இருக்கிற சங்கதி இதுதான். மேலே இருப்பவன் உடுப்பது நாகரிகம். அதையே கீழே இருப்பவள் உடுத்தால் திமிர்.

இது திருவாங்கூர் கதை மட்டுந்தானா? நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் சீமையிலே 1930-ல் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. நகை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே திருவாங்கூரிலே புலையர் பெண்கள் கழுத்திலே கல்மாலைதான் போட வேண்டும் என்றிருந்தது. 1915-ல் அய்யன்காளியின் தலைமையிலே அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள். பார்த்தீர்களா? ஒரு பக்கம் போடக் கூடாது என்ற தடை. மறுபக்கம் போட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம். பெண்ணின் உடம்பு அவளுடையதல்ல என்பதே இரண்டுக்கும் ஆதாரம்.

அரண்மனைத் தூரிகை

தோள்சீலை உத்தரவு வந்த 1859-ல், அதே சமஸ்தானத்திலே, கிளிமானூர் அரண்மனையிலே 11 வயதுப் பையன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவன்தான் பிற்காலத்து ராஜா ரவிவர்மா. அவர் படம் தொங்காத வீடு நம் பக்கத்திலே அபூர்வம். காலண்டர் லட்சுமியும் சரஸ்வதியும் அவர் போட்ட வழிதான்.

1873-ல் நாயர் பெண்ணொருத்தி கூந்தலுக்குப் பூச்சூடும் படத்தைத் தீட்டினார். சென்னையிலே கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னா கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. 1888-ல் பரோடா மன்னர் 14 புராணப் படங்கள் கேட்டார். புராணப் பெண்களுக்கு எந்த உடுப்பைப் போடுவது என்ற கேள்வி எழுந்தது. ரவிவர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் வடநாடெல்லாம் சுற்றினார்கள். பல பிரதேசத்து உடைகளைப் பார்த்தார்கள். அவர் தூரிகையிலே சகுந்தலையும் தமயந்தியும் சேலை கட்டினார்கள். 1894-ல் பம்பாயிலே அச்சுக்கூடம் வைத்து அந்தப் படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டார். படங்களை அச்சுப்போட்டுப் பரப்பும்படி அவருக்கு முன்னரே யோசனை சொன்னவர் யார் தெரியுமா? 1859-ல் திருவாங்கூர் திவானாக இருந்த அதே மாதவராவ்!

அந்தக் காலத்திலேதான் சேலைக்கட்டும் மாறிக்கொண்டிருந்தது. வங்காளத்துத் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி 1860-களிலே பம்பாய்க்குப் போய், ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்த சேலைக்கட்டைப் படித்த பெண்களிடையே கொண்டுவந்தார். ரவிவர்மா படங்களும் சேர்ந்து, இந்தியப் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்ற உருவத்தை நாடெங்கும் பரப்பின. மான்செஸ்டர் துணிக் கட்டுகளிலே ஒட்டும் லேபிள்களிலும் இத்தகைய தேவிகள் வந்தார்கள். இங்கே தறி நின்று வயிறு காய்ந்தவன் எத்தனை பேர்! சீமைத் துணியை விற்க நம் லட்சுமியே தரகு பேசினாள்.

ரவிவர்மாவின் திறமையை நாம் மறுக்கவில்லை. தெருவோரத்து நாடோடிக் குடும்பத்தையும் அவர் தீட்டியதுண்டு. கோயிலுக்குள் நுழைய முடியாதவன் வீட்டுச் சுவருக்கும் தெய்வத்தின் படம் வந்து சேர்ந்தது அவருடைய அச்சுக்கூடத்தால்தான். ஆனால் மைசூரில் இருக்கிற 1889-ம் வருஷத்து இசைக் கூட்டப் படத்தைப் பாருங்கள். பல பிரதேசத்துப் பெண்கள் 11 பேர், வகைவகையான உடுப்பிலே உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்று நடுகிறவள் அந்தச் சபையிலே இல்லை.

அந்த அரண்மனையிலேயே தூரிகை பிடித்த பெண் ஒருத்தி இருந்தார். ரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டி. அவர் தீட்டிய அண்ணனின் உருவப்படம் திருவனந்தபுரம் சித்ரா ஓவியக் கூடத்திலே இருக்கிறது. அண்ணனைத் தெரியாதவர் இல்லை. தங்கையை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டீர்கள்? அரண்மனைப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், குடிசைப் பெண்ணின் கையிலே இருந்த கலையைக் கேட்பார் யார்?

பாரிஸ் நகரத்துப் பெண்கள்

"வெள்ளைக்காரன் நாட்டிலே பெண்களுக்குச் சுதந்திரம் இருந்திருக்குமே" என்பீர்கள். அதையும் பார்ப்போம். நாகரிகத்துக்கும் ஓவியத்துக்கும் தலைநகரம் என்று பேர் வாங்கியது பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ்.

அங்கே ரோஸா போனேர் என்ற பெண், குதிரைச் சந்தையை 16 அடிக்கு மேல் அகலமான பெரிய படமாகத் தீட்டினார். 1853-ல் அது கண்காட்சிக்கு வந்தது. சந்தைக்கும் கசாப்புக் கூடத்துக்கும் போய்ப் பார்த்து வரைய வேண்டுமே! பாவாடை தடுக்கும், ஆண்கள் கேலி பேசுவார்கள். ஆகவே அவர் கால்சட்டை போட்டார். அதற்குப் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது! 1857-ல் வாங்கிய சீட்டு இன்றும் இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெண் கால்சட்டை போட அனுமதி வேண்டும் என்ற அந்த உத்தரவு 1800-ல் போட்டது. அது செல்லாது என்று பிரெஞ்சு சர்க்கார் அறிவித்தது 2013-ல்தான். 1857-ல் பாரிஸிலே கால்சட்டைக்குச் சீட்டு. 1859-ல் திருவாங்கூரிலே மேல்துணிக்கு உத்தரவு. தேசம் வேறு, சட்டம் வேறு, பிடி ஒன்றுதான்.

1858-ல் வொர்த் என்பவர் அதே பாரிஸிலே சீமாட்டிகளுக்கான உடுப்புக் கடை திறந்தார். உடுப்புக்குள்ளே அவர் பெயர் போட்ட லேபிள் தைக்கப்பட்டது. ஊசி பிடித்த பெண்களின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. நூல் நூற்கிற தோழர்களே, இது உங்களுக்குப் புரியாத கதை அல்ல.

பெர்த் மோரிசோ என்ற ஓவியர் 1874-ல் நடந்த புதுமை ஓவியர்களின் முதல் கண்காட்சியிலே ஆண்களோடு சமமாகப் படம் வைத்தார். கண்ணாடி முன் உடுத்துகிற பெண்ணையும், தொட்டில் பக்கம் உட்கார்ந்த தாயையும் தீட்டினார். வாழ்நாளெல்லாம் ஓவியம் தீட்டி 1895-ல் இறந்தார். மரணப் பதிவிலே எழுதியது என்ன? 'தொழில் இல்லை' என்று! வீட்டிலும் காட்டிலும் உழைக்கிற நம் பெண்களையும் ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரம் வரை அப்படித்தானே எழுதுகிறார்கள்?

இனி, நம் வர்க்கத்துப் பெண் ஒருத்தியைச் சொல்லுகிறோம். சூசன் வலதோன், 1865-ல் பிறந்தவர். தாய் வீட்டுவேலையும் சலவையும் செய்து பிழைத்தவர். மகள் சின்ன வயதிலேயே பல கூலி வேலைகள் செய்தார். சர்க்கஸிலே வித்தை காட்டிக் கீழே விழுந்தார். பிறகு ஓவியர்கள் முன் கூலிக்கு நின்றார். ரெனுவார் தீட்டிய நடனப் படத்திலே சிவப்புத் தொப்பியோடு ஆடுகிறவர் அவர்தான். நின்றபடியே அவர்கள் கை போகிற விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு தாமே தூரிகை எடுத்தார்; 1894-ல் தேசிய ஓவியச் சங்கத்தின் கண்காட்சியிலே அவர் படங்கள் ஏறின. பிறர் படத்திலே நின்றவள் தன் படத்தின் கீழே தன் பெயரை எழுதினாள்.

ஆனால் எல்லோரும் வலதோன் ஆக முடியுமா? பிரான்ஸின் பெரிய சர்க்கார் ஓவியப் பள்ளியிலே பெண்களைச் சேர்க்கவில்லை. தனியார் கூடங்களிலே பெண்களுக்கு ஆண்களைக் காட்டிலும் அதிகக் கட்டணம். அங்கேயும் பாருங்கள்: கூலி என்றால் பெண்ணுக்குக் குறைவு, கட்டணம் என்றால் பெண்ணுக்கு அதிகம்! இதை உடைத்தது எது? சங்கம். 1881-ல் சிற்பியான பெர்த்தோ அம்மையார் பெண் ஓவியர், சிற்பிகள் சங்கத்தை அமைத்தார். மனு மேல் மனு, வருஷந்தோறும் கண்காட்சி, இடைவிடாத வாதம். 16 வருஷம் கழித்து, 1897-ல், பள்ளியின் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியாக 1930-ல் உள்ளே போன ஒரு பெண் அமிர்தா ஷேர்கில். சீக்கியத் தகப்பனார், ஹங்கேரியத் தாயார், வசதியான குடும்பம். 1934-ல் இந்தியா திரும்பினார். தென்னாட்டைச் சுற்றிப் பார்த்து, 1937-ல் சந்தைக்குப் போகிற தென்னிந்தியக் கிராமத்தாரைத் தீட்டினார். கருத்த மேனி, மெலிந்த கைகால். நம் ஜனங்கள்! 1941-ல், 28 வயதிலே, லாகூரில் இறந்தார். அவருடைய கதைசொல்லி என்ற படம் 2023-ல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அவர் தூரிகை தேடிப்போன கிராமத்துப் பெண்களின் நாட்கூலி அந்த ஏலக் கூடத்துக்குத் தெரியாது.

நமது கோலம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். விடியுமுன் ஜீப்பிலே நெருக்கியடித்து மெட்டு ஏறுகிற நம் பெண்களின் உடுப்பு என்ன? சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையிலே துண்டு, மழைக்குச் சாக்கோ பிளாஸ்டிக்கோ கொங்காணி, காலிலே அட்டைக்கு மருந்து. ஏலக்காய் தூரிலே, தரையோடு தரையாகக் காய்க்கிறது. நாளெல்லாம் குனிந்து எடுக்க வேண்டும். அந்தச் சட்டையை எந்தக் கடையும் தைக்கவில்லை. வேலைக்கு ஏற்றபடி நம் பெண்களே கண்டுபிடித்த உடுப்பு அது. ரோஸா போனேரின் கால்சட்டைக்கு எவ்வளவு நியாயம் உண்டோ அவ்வளவு நியாயம் இதற்கும் உண்டு. ஆகவே, அதைப் பார்த்துக் கேலி செய்கிற ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: 1859-ல் சந்தையிலே துணியைக் கிழித்தவன் பேசிய பேச்சும் கேலியிலேதான் ஆரம்பித்தது.

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவிலேயே குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றி எழுதினார்கள். காகிதத்திலே எழுதிய கோட்டு எத்தனை பேர் தோளுக்கு வந்தது? சட்டங்களின் பெயர் மாறலாம். மலையிலே மழை மாறவில்லை. மழைக்கோட்டும் காலுறையும் நமது கோரிக்கைப் பட்டியலிலே முதல் வரிசையில் இருக்க வேண்டும். தோள்சீலைக்குப் போராடியவர்களின் வழிவந்த கோரிக்கை அது.

இன்னொரு வேலையும் உண்டு. வாசலிலே புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைக்குப் படம் வரைய வராதா? பள்ளிக்கூடம் போகிற உங்கள் மகள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்திலே ஜீப்பையும், ஏலச் செடியையும், குனிந்து நிற்கிற அம்மாவையும் வரைந்தால், "படிக்காமல் கிறுக்குகிறாயா?" என்று அடிக்காதீர்கள். ஒரு பென்சிலும் வர்ணப் பெட்டியும் வாங்கிக் கொடுங்கள். வருகிற மே தினத்துக்கு நமது தட்டிகளையும் சுவரொட்டிகளையும் நம் வீட்டுப் பெண்களே வரையட்டும். சட்டை போட்ட பெண்ணை, கொங்காணி போட்ட பெண்ணை, உள்ளது உள்ளபடி வரையட்டும். வரைந்தவள் பெயரைக் கீழே தெளிவாக எழுதுங்கள். வர்ணத்துக்கான செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும்.