பன்றிக்கறிக்கு ஒரு பெஞ்சு
(புதுக்கோட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



நம் மாவட்டத்துச் சமையலுக்கு இன்று உலகப் புகழ். சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வெட்டவெளியில் விறகடுப்பு மூட்டிச் சமைக்கிற ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ராகுல் காந்தியே வந்து சாப்பிட்டார். மகிழ்ச்சிதான். விறகு, குடும்பம், முழு ஆடு எல்லாம் பாரம்பரியம் ஆகிவிட்டது. ஆட்டுக்குப் பதில் பன்றியை வைத்துப் பாருங்கள், ஊர் முகம் சுளிக்கும்.

அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஹெமிங்வே என்றொரு சிற்றூர். 1972இல் ஸ்காட் என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே கடை போட்டது. மரத்தை எரித்து, கங்கை அள்ளி முழுப் பன்றிக்கு அடியில் பரப்பி, ஏறத்தாழ 12 மணி நேரம் இரவெல்லாம் வாட்டுவார்கள். பிறகு புரட்டிப் போட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த சாறு பூசுவார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் பண்ணை முதலாளிகளுக்காகக் குழிவெட்டிச் செய்த சமையல் இது. அந்த வீட்டுப் பிள்ளை ராட்னி ஸ்காட் 11 வயதில் முதல் பன்றியைச் சுட்டார். 2018இல் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். அங்கே நிறவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் பன்றியைப் பலகையில் எழுத அவர் கூச வேண்டியதில்லை.

இங்கேயும் அந்தக் கைகள் உண்டு. வைக்கோலிலோ தென்னை ஓலையிலோ மயிரைப் பொசுக்கி, சுரண்டிக் கழுவி, மஞ்சள் தடவி, தோலோடு வெட்டுவார்கள். தோல் கருகக் கூடாது, மயிர் மட்டும் போக வேண்டும். செய்து பார்த்தவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இதற்குக் கிடைத்த விருது, ‘பன்னி திங்கிற பய’ என்ற வசவு. திட்டுகிறவர் தின்பதில்லையா? மூலத்துக்கு மருந்து, சூட்டுக்கு நல்லது என்று கறுப்புப் பையில் பார்சல் வாங்குகிறார். நாம் தின்றால் சாதி, அவர் தின்றால் வைத்தியம்!

இந்த மாவட்டத்தில் கடை வெறும் கடை அல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக்குவளை இருப்பதைக் கண்டார். டீக்கே இந்தக் கதி. ஒரு தலித் குடும்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே விறகடுப்புப் பன்றிக்கறி உணவகம் தொடங்க நினைத்தால் வாடகைக்கு இடம் கொடுப்பது யார்?

அரசையும் பார்த்துவிட்டோம். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழை என்று விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணி வந்தது. கேட்டதால் வந்தது.

புதுக்கோட்டையில் அடுத்த உணவுத் திருவிழா அறிவித்ததும் மனுவோடு போவோம். ‘பன்றிக்கறி’ என்று எழுதிய பலகை, எல்லோர் கண்ணிலும் படுகிற விறகடுப்பு, உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு. மூலத்துக்கு வாங்குகிற அண்ணன்களிடமும் கையெழுத்துக் கேட்போம்.