அரசாங்கமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் வாத்தியார் கோர்ட்டு, வழக்கு என்று பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இதற்குக் காரணம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்று, "சார், நாம தப்பு செஞ்சா போலீஸ் பிடிக்குது. கவர்மெண்டே தப்பு செஞ்சா யாரு சார் பிடிக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்துவிட்டதால் அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

நம் சிலாங்கூர் மாநிலத்தில், டிங்கில் பக்கம், புக்கிட் தம்போய் என்று ஒரு கிராமம். தெமுவான் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம். 1995-ஆம் ஆண்டில், சிப்பாங்கில் கட்டப்பட்டு வந்த அனைத்துலக விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போடுவதற்காக அவர்களுடைய நிலத்தில் ஏறக்குறைய 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வெளியேறுவதற்கு 14 நாள் தவணை. வீட்டுக்கும் மரங்களுக்கும் பயிருக்கும் பணம் கொடுத்தார்கள். நிலத்துக்கு? ஒன்றும் இல்லை. நிலம் அரசாங்கத்துடையது, உங்களுடையது அல்ல என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்.

பெற்றோர்களே, நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "கவர்மெண்டை எதிர்த்து நம்மால என்னய்யா முடியும்? குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போவோம்" என்றுதானே சொல்லியிருப்போம்? அந்த மக்கள் அப்படிப் போய்விடவில்லை. சாகோங் பின் தாசி என்பவரும் இன்னும் ஆறு பேரும், ஆக ஏழு பேர், 1996-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். யார் மீது? சிலாங்கூர் மாநில அரசு, மத்திய அரசு, நெடுஞ்சாலை வாரியம், சாலை போட்ட நிறுவனம் ஆகிய நான்கு தரப்பின் மீதும்! அவர்களுக்காக வழக்கறிஞர்கள் முன்வந்து வாதாடினார்கள்.

அந்த மக்களிடம் நிலப் பட்டா இல்லை. பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த ஊர் வரலாறு இருந்தது. அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்த அறிஞர்களின் சாட்சியம் இருந்தது. இவற்றையெல்லாம் நீதிமன்றம் கேட்டது. 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீதிபதி முகமட் நோர் அகமட் தீர்ப்பு வழங்கினார். இந்த மக்கள் குறைந்தது 210 ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறார்கள், நிலம் அவர்களுக்கு வழக்காற்று உரிமையுள்ள சொத்து, ஆகவே 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிலத்துக்கும் இழப்பீடு தரவேண்டும் என்றார்.

இதற்கு அடிப்படை என்ன தெரியுமா, மாணவர்களே? நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. சட்டப்படியல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது. எடுத்தால் போதுமான இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் பொருள். அந்தப் பிரிவு மாளிகையில் இருப்பவருக்கு ஒன்று, அத்தாப்புக் குடிசையில் இருப்பவருக்கு ஒன்று என்று எழுதப்படவில்லை.

அரசாங்கத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2023-இல் காலமான நீதிபதி கோபால் ஸ்ரீராம் அத்தீர்ப்பை எழுதினார். நிலத்தில் ஒரு பகுதி பூர்வகுடி ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்கப்படாமல் இருந்தது. அறிவிக்காமல் விட்டது அரசின் குறை. தன் குறையையே காரணம் காட்டி அந்த ஏழைகளின் உரிமையை அரசு குறைக்கமுடியாது என்பது அவர் சொன்ன நியாயத்தின் சாரம். பிறகு வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. 2009-இல் சிலாங்கூர் அரசு தன் முறையீட்டை மீட்டுக்கொண்டது. 2010 மே மாதத்தில் 65 லட்சம் வெள்ளி இழப்பீட்டோடு வழக்கு சமாதானமாக முடிந்தது.

கணக்குப் பாருங்கள். நிலம் போனது 1995. வழக்கு முடிந்தது 2010. பதினைந்து வருஷம்! போன நிலம் திரும்பவும் இல்லை. அதன்மேல் சாலை ஓடுகிறது. கோர்ட்டுக்குப் போனால் மறுநாளே நியாயம் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏழு பேர் பேசாமல் இருந்திருந்தால், பின்னால் வந்த பூர்வகுடி மக்களுக்கு அந்தத் தீர்ப்பு துணையாக இருந்திருக்குமா? அவர்களுக்கும் முன்னால் ஒரு துணை இருந்தது. அணைக்காக நிலம் இழந்த ஜொகூர் ஜாக்குன் மக்கள் பெற்ற வெற்றிதான் அது. ஒரு கை பிடித்த விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றப்படுகிறது.

நம் இலக்கியத்திலும் இது புதிதல்ல. கண்ணகி பாண்டியன் சபையில் அழுதுமட்டும் நிற்கவில்லை. சிலம்பை உடைத்து ஆதாரம் காட்டினாள். ஆதாரத்தைக் கண்டதும் மன்னன் தன் தவற்றை ஒப்புக்கொண்டான். கேட்பதற்குத் துணிவு வேண்டும். காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும்.

இங்கே என் பாட்டியை நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்குமேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது கிராணி ஒரு தாளை நீட்டினார். பாட்டி கைநாட்டு வைத்தார். லயத்தைக் காலி செய்தார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. நகலும் வாங்கவில்லை. அவருக்கு அநியாயம் நடந்ததா, இல்லையா என்றுகூட இன்று என்னால் சொல்லமுடியாது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அது தோட்ட நிர்வாகம், அரசாங்கம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னை ஒதுக்கி, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வந்த கடிதம், கட்டிய ரசீது எல்லாவற்றையும் போட்டுவையுங்கள். இரண்டாவது, படித்துப் பார்க்காமல், படிக்கத் தெரிந்த பிள்ளையிடமாவது காட்டாமல், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, காலம் கடத்தாதீர்கள். அரசாங்கத்தின் மீது போடும் வழக்குக்குப் பொதுவாக 36 மாதம்தான் கெடு. சிலவற்றுக்கு அதைவிடவும் குறைவு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல. "இது எந்தச் சட்டப்படி, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்பது ஒரு குடிமகனின் கடமை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசாகப் புத்தகம் வாங்குகிறீர்கள். நாளை உங்களில் ஒருவர் வழக்கறிஞராகலாம், ஒருவர் நீதிபதியாகலாம், ஒருவர் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரலாம். அப்படி உட்கார்ந்தால், எதிரே தாளோடு நிற்கும் கிழவியை என் பாட்டியாக நினைத்து, அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அம்மா, கவர்மெண்டே தப்பு செய்தால் யார் பிடிப்பது என்று கேட்டாயே? பயப்படாமல் கேட்கும் ஜனங்களும், அவர்களுக்காக வாதாடும் வக்கீலும், எவர் முகமும் பாராமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியும் சேர்ந்துதான் பிடிக்கவேண்டும். மூவரில் ஒருவர் ஒதுங்கினாலும் பிடி நழுவிவிடும். முதலில் கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.